தயரதன் நரையும் பிசிராந்தையார் தலையும்

சென்ற ஆண்டு எம் தகப்பனார் காலமானபின், சுவரில் மாட்டுதற்கு அவர் படம் ஒன்று வேண்டுமென்று அன்னையார் விரும்பினார். தங்கையின் திருமணத்தில் எடுத்த போட்டோ ஒன்றே வீட்டிலிருந்தது. அதனைப் பட்டணத்துப் போட்டோக் கடையொன்றிற் கொடுத்துப் பெரிதாக்கித் தருமாறு சொல்லி வந்தேன். ஒரு வாரங் கழித்துச் சட்டமிட்டு வந்த படத்தில், 68 வயதில் மறைந்த என் தந்தையார், எனக்குத் தம்பி போல், கன்னத்திற் சுருக்கமின்றிக் கன்னங்கரிய தலைமயிரோடு வீற்றிருந்தார். நரையைக் கணினியில் நீக்கிவிட்டதாகக் கடைக்காரர் பெருமையோடு தெரிவித்தார். "கேட்காமலே செய்துவிடுகிறோம், ஐயா. எல்லாருக்கும் இதுதான் பிடிக்கிறது" என்றார். அன்னையார் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் நோக்கியிருந்து, "யாரய்யா இது?" என்று கேட்டார்.

அக்கேள்வி என்னை விட்டபாடில்லை. தலையில் வெளுத்த சில மயிர்களை எடுத்துவிட்டால் ஆளே மாறிப்போவதென்றால், அவ்வெண்மயிர்கள் எதனைச் சொல்லிக்கொண்டிருந்தன? நம் கதைகளும் சித்திரங்களும் நரையை எவ்வாறு வழங்கி வந்திருக்கின்றன? தோட்டத்துக் கிராணியாகிய யான் பெரும் புலவனல்லேன். ஆயினும் பேரேடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எந்த வரவு யார் பெயரிற் பதியப்பட்டிருக்கிறதென்று பார்க்கும் வழக்கமுண்டு. அவ்வழக்கத்தோடு சில பழைய நூல்களைப் புரட்டினேன்.

நம் வீடுகளில் தொங்கும் காலண்டர்ப் படங்களை முதலிற் காண்க. தெய்வங்கட்கு நரை கிடையாது. நான்முகன் ஒருவனுக்கே வெண்தாடி பெரும்பாலும் இடப்படுகிறது. முனிவர்க்கும், பீஷ்மர்க்கும், தயரதனுக்கும் தாராளமாக வெள்ளை பூசப்படும். இங்கே நரை என்பது பெயருக்கு முன்னே இடும் பட்டம் போன்றது. இவர் பெரியவர், வணங்குக என்று படம் எழுதுவோன் சொல்லும் குறி அது. அதற்குமேல் அதில் ஆராய ஒன்றுமில்லை.

தயரதன் நரையைக் கம்பர் கையாளும் விதமோ வேறு. வால்மீகி நூலில் அம்மன்னன் அவையிலெழுந்து, வெண்கொற்றக் குடை நிழலிலேயே தன் உடல் முதிர்ந்துவிட்டதெனத் தானே கூறுகின்றான். கம்பர் அயோத்தியா காண்டத்து மந்திரப் படலத்திலே கண்ணாடியைக் கொண்டுவந்து வைக்கின்றார். கண்ணாடியில் மன்னன் ஒரு நரைமயிரைக் காண்கிறான். அது காதருகே தோன்றியதாம். அரசை மகனுக்கு ஈந்துவிட்டு நீ தவத்துக்குப் போகவேண்டிய காலம் இது என்று செவியிற் சொல்ல வந்ததுபோல் இருந்ததாம். அம்மட்டோடு அவர் நிற்கவில்லை. இராவணன் இழைத்த தீமையே ஒரு நரையாக உருக்கொண்டு வந்தடைந்ததென்றும் சொல்லுகின்றார். என்ன துணிவு! இலங்கையில் ஒருவன் செய்த கேடு, கடல்தாண்டிக் காடுதாண்டி, அயோத்தியில் ஒரு கிழவன் காதோரத்தில் வெளுக்கிறது. காப்பியம் முழுவதும் அவ்வொரு மயிரிலிருந்து தொங்குகிறது. இவ்விடத்துக் கம்பருக்கு நிகர் கம்பரேயென்பதில் எனக்கு ஐயமில்லை.

இக்கற்பனையின் வேர் வடமொழியிலும் உண்டு. காளிதாசர் இரகுவமிசத்துப் பன்னிரண்டாம் சருக்கத்தில், மூப்பானது கைகேயிக்கு அஞ்சியதுபோல் நரையின் வேடம் பூண்டு வந்து, இராமனிடம் திருவை ஒப்படை என்று மன்னன் காதோடு ஓதியதாகக் கூறுவார். பௌத்தருடைய ஜாதகக் கதைகளில் மகாதேவன் என்னும் மன்னன், தன் தலையில் நரைமயிர் கண்டால் உடனே தெரிவிக்கவேண்டுமென்று நாவிதனுக்குக் கட்டளையிட்டிருந்தான். நெடுங்காலத்தின் பின் ஒருநாள் நாவிதன் ஒன்றைக் கண்டு, பொற்குறட்டாற் பறித்து அரசன் கையில் வைத்தான். அரசன் அதனைத் தேவர் விடுத்த தூதாகக் கொண்டு, நாவிதனுக்கு ஓர் ஊரை மானியமாக அளித்துவிட்டுத் துறவு பூண்டான்.

மூன்று கதையும் இனிய கதைகளே. ஆனால் மூன்றிலும் நரை வந்து பேசுவது யார் காதில்? மன்னர் காதில். விட்டுக்கொடுக்க ஓர் அரசுடையவனுக்கே அது தூது. அதிலும் தயரதன் அறுபதினாயிரம் ஆண்டு அரசாண்டவன் என்பது கதை. அறுபதினாயிரம் ஆண்டுக்கு ஒரு மயிர்! எம் பால்மரக் காட்டில் விடியுமுன் விளக்கைத் தலையிற் கட்டிக்கொண்டு புறப்பட்டவர்க்கு நாற்பதுக்குள்ளேயே பாதித் தலை வெளுத்துவிடுமே, அது அவர் காதில் என்ன ஓதியது? மகனிடம் ஒப்படைக்க அவரிடம் இருந்தது பால்வெட்டும் கத்தியும் வாளியுந்தான்.

என் தந்தையாருக்கு 2012-ஆம் ஆண்டில் 55 வயது நிறைந்தது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். தனியார் தொழிலாளருக்கு ஓய்வு வயது அறுபதுக்குக் குறையலாகாதென்னும் சட்டம் 2013 ஜூலை முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அவருக்கு அது பிந்திவிட்டது. அதன்பின் குத்தகைக்காரர் ஒருவரிடம் நாட்கூலிக்குப் போகலானார். வாரந்தோறும் ஞாயிறன்று கொல்லைப்புறத்தில் அமர்ந்து, கடையில் வாங்கிய மைப்பொடியைக் குழைத்துத் தலைக்குப் பூசிக்கொள்வார். ஆங்கிலம் படித்த செருக்கில் யான், "அடையாள அட்டையிலே பிறந்த ஆண்டு இருக்கும்போது தலைக்கு மையிட்டு யாரை ஏமாற்றப் போகிறீர்கள், அப்பா?" என்று நகைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "அட்டையைப் பார்க்கிறவன் ஆபீசிலே இருக்கிறான், தம்பி. தலையைப் பார்க்கிறவன் பெரட்டிலே நிற்கிறான்" என்றார். அவருக்கும் நரை ஒரு செய்தியைக் கொண்டுவந்தது உண்மையே. ஆனால் அது அவர் காதுக்கு வந்த தூதன்று. அவரைப் பற்றிப் பிறனுக்குச் சொன்ன கோள்.

பள்ளியிற் பாடமாயிருந்த ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. லியர் தன் நாட்டை மக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தபின், வெண்தலையோடு புயலில் நின்று புலம்புகிறான். அதே நாடகத்தில் குளோஸ்டர் பிரபுவின் வெண்தாடியை அவன் வீட்டிலேயே, அவனுக்கு விருந்தினளாக வந்த லியரின் மகளொருத்தி பிடித்துப் பறிக்கிறாள். முன்பெல்லாம் நரைக்குக் கிடைத்த வணக்கம் நரைக்குரியதன்று, அதன் கீழிருந்த நிலத்துக்குரியது என்பதை அந்நாடகம் ஒளிக்கவில்லை. தயரதனோ, நிலத்தைக் கொடுப்பதற்குள் இறந்துவிட்டமையால், அவ்வுண்மையை அறியாமற் போனான்.

நரையை ஆடைபோல் உடுத்துக்கொள்ளலாமென்பதும் நம் கதைகளில் உண்டு. இளமையனாகிய சோழன் ஒருவனிடம் இரு முதியோர் வழக்குக் கொண்டுவந்தனர். இச்சிறுவனுக்கு வழக்கின் முடிவு தெரியுமோவென்று ஐயுற்றனர். அவன் உள்ளே சென்று நரைமுடி புனைந்து கிழவனாய் வந்தமர்ந்து, அவர்கள் மகிழத் தீர்ப்புக் கூறினான். பழமொழி நானூற்றிலுள்ள செய்யுள் சோழன் என்றுமட்டும் சொல்லும். கரிகாலன் என்பது வழிவழி வந்த வழக்கு. ஆங்கில நாட்டு நீதிபதிகள் குதிரைமயிராற் செய்த நரைநிறப் பொய்ம்முடி அணிவதைக் கண்டவர்க்கு இது வியப்பாயிராது. அந்நாட்டிற் பதினெட்டாம் நூற்றாண்டில் இருபது வயது இளைஞனும் தலைக்கு வெண்பொடி தூவிக்கொண்டு படத்துக்கு அமர்ந்தான். 1795-ஆம் ஆண்டில் அப்பொடிக்கு ஆண்டொன்றுக்கு ஒரு கினி வரி விதித்தார்கள். பொடிப் பழக்கமும் அதன்பின் குறைந்துபோயிற்று. வரி வந்தவுடன் முதுமையின் மதிப்பும் இறங்கிவிட்டது போலும்!

சோழன் கதையில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றுண்டு. குலத்துக்குரிய வித்தை கல்லாமலே கைகூடும் என்னும் பழமொழிக்கு எடுத்துக்காட்டாகவே அச்செய்யுள் அதனை வைக்கிறது. கதை காட்டுவதோ வேறொன்று. அவன் தீர்ப்பு முன்பும் பின்பும் ஒன்றே. மாறியது தலைமுடி. கேட்பவர் கண்ணுக்கு வேண்டியது வெள்ளை, அவ்வளவே. குலத்தின் சிறப்பைக் கூற எடுத்த கதை, குலப் பெருமையும் முடிபோல் அணிந்து கழற்றத்தக்கதோவென்று நம்மை எண்ண வைக்கிறது. பாடியவர் இதனை எண்ணிப் பாடவில்லையென்பது தெளிவு. கதைகள் பல சமயம் தம்மைச் சொல்லுவோரினும் அறிவுடையன.

பெண்ணின் நரைக்கு வருவோம். இவ்விடத்தில் நம் சித்திரக்காரர் செய்திருப்பது பெரும் பிழை. ஔவையார் என்றவுடன் நம் மனத்தில் வருவது யார்? வெண்தலை, கூனல், கைக்கோல், நெற்றி நிறையத் திருநீறு. 1953-ஆம் ஆண்டில் ஜெமினியார் வெளியிட்ட படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அவ்வுருவில் தோன்றிப் பாடியபின், வேறோர் ஔவையை எண்ணவும் இயலாமற் போயிற்று. ஆனால் புறநானூற்றில் அதியமான் அவையிற் பாடிய ஔவையாரைப் பாருங்கள். அவர் பெயரால் வழங்கும் பாட்டொன்றிலே, பகைமன்னன், மையுண்ட கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியுமுடைய விறலியே என்று விளித்து, உங்கள் நாட்டிற் போர்செய்வாரும் உளரோவென்று வினவுகிறான். விளிக்கப்பட்டவர் அவரேயாயின், அங்கே நரையுமில்லை, கோலுமில்லை. ஔவை எனப் பெயர்பெற்ற புலவர் காலந்தோறும் பலர் இருந்தனர் என்பர் ஆராய்ச்சியாளர். அவரையெல்லாம் ஒரே கிழவியாகத் திரட்டியது பிற்காலக் கதை. மணம் பேசப்பட்ட இளம்பெண், பிள்ளையாரை வேண்டி ஒருநாளில் மூதாட்டியானாளாம். இதனைச் சிறுவயதில் பக்திக் கதையாகக் கேட்டேன். இன்று எண்ணும்போது மனம் நோகிறது. ஊர்தோறும் தனியே நடக்கவும், மன்னரோடு வாதிடவும், பாடவும் ஒரு பெண்ணுக்கு உரிமை தரவேண்டுமாயின், முதலில் அவள் இளமையைப் பறித்துத் தலையை வெளுக்கச்செய்தாலன்றிக் கதை சொல்வோர் மனம் ஒப்பவில்லை. இளைய சோழன் நரையைச் சற்றுநேரம் புனைந்து கழற்றிவிட்டான். ஔவைக்கு அது கழலவேயில்லை.

புறநானூற்றிலேயே பூங்கண் உத்திரையார் பாடிய தாயொருத்தி இருக்கிறாள். மீன் தின்னும் கொக்கின் இறகுபோல் வெளுத்த கூந்தலையுடைய அவள், யானையைக் கொன்று மகன் தானும் மாண்டானென்று கேட்டு, அவனைப் பெற்ற நாளினும் பெரிதும் மகிழ்ந்தாளாம். பாட்டின் உவமை கண்ணைவிட்டு நீங்காது. மகிழ்ந்தாள் என்பதை மட்டும் என்னால் முழுதும் நம்ப முடியவில்லை.  முதுமையின்பால் இவ்வளவும் பணிவு காட்டிய அந்நூலே, பயனின்றி நரைத்தவரையும் விட்டுவைக்கவில்லை. நரிவெரூஉத்தலையார் என்னும் புலவர், கயல்மீனின் முள்போல் நரைத்துத் திரைத்த முகத்தோடு வாளா இருந்த முதியோரை நோக்கி, நன்மை செய்ய இயலாவிடினும் தீமையாவது செய்யாதிருங்கள் என்று இடித்துரைக்கிறார்.

இவையனைத்திலும் மேலாக யான் மதிப்பது, நரையில்லாத தலை ஒன்றினைப் பற்றிய பாட்டு. உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்ட புறநானூற்றில் அது 191-ஆம் பாட்டு. பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் சோழன் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். சோழன் தன் மக்களே தன்மேற் போருக்கெழ, உயிர்வெறுத்து வடக்கிருந்து உண்ணாநோன்பு கொண்டான். ஆந்தையார் அவனிருந்த இடந் தேடி வந்தார். அங்கிருந்த சான்றோர், உமக்கு யாண்டு பலவாகியும் நரையில்லையே, எவ்வாறு? என்று வினவினர். அவர் சொன்ன விடை இது: என் மனைவி மாண்புடையவள். மக்கள் அறிவு நிரம்பியவர். ஏவலர் என் எண்ணத்தோடு ஒத்தவர். அரசன் முறையல்லாதன செய்யாமற் காக்கிறான். இவற்றுக்கு மேலாக, யான் வாழும் ஊரில் அடக்கமுடைய சான்றோர் பலர் உளர்.

பள்ளிப்பிள்ளைகளுக்கு இது இல்லறச் சிறப்பைக் கூறும் பாட்டாகவே சொல்லிக் கொடுக்கப்படுகிறது. சொல்லப்பட்ட இடத்தை மறந்தாலன்றி அவ்வாறு படிக்க இயலாது. மக்களால் மனமுடைந்து ஓர் அரசன் சாகக் கிடக்கும் இடத்தில், என் மக்கள் நிரம்பியவர் என்று ஒருவர் சொல்கிறார். ஒவ்வொரு சொல்லும் அங்கிருந்தோர் நெஞ்சில் தைத்திருக்கும். இரக்கமின்றிச் சொன்னாரென்று யான் கருதவில்லை. நண்பனைக் கொன்றது இன்னது என்று காரணத்தோடு காட்டினார். நரை எங்கிருந்து வருகிறதென்று கேட்டவர்க்கு, அது காலத்திடமிருந்து வருகிறதென்றோ, தேவர் விடுத்ததென்றோ அவர் சொல்லவில்லை. வீட்டையும், வேலையாளையும், அரசையும், ஊரையும் சுட்டினார். அவ்விடங்களிற் குறையிருந்தால் தலை வெளுக்கும் என்பது அதன் உட்பொருள். கம்பரின் நரை விதியின் ஓலை. ஆந்தையார் பாட்டிலோ அது ஒருவன்மேல் ஊரும் நாடும் ஏற்றிய கவலையின் கணக்கு. கவியழகிற் கம்பர் எங்கோ உயர்ந்து நிற்கிறார். உண்மையில் ஆந்தையார் பக்கமே என் வாக்கு.

அரசன் முறையல்லாதன செய்யான் என்றது முகத்துதி என்று சிலர் நினைக்கக்கூடும். அதே புலவர் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையைக் கற்பித்த பாட்டும் 184-ஆம் பாட்டாக அந்நூலில் இருக்கிறது. சிறு நிலத்து நெல்லாயினும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளுக்கு வரும். யானை தானே வயலிற் புகுந்தால், வாயிற் சென்றதினும் காலால் மிதிபட்டு அழிந்தது மிகுதி. இதனை மன்னன் முகத்தெதிரே சொன்னவர், தம் தலை நரையாதிருக்கத் தாமே வேலை செய்தவர் அன்றோ?

ஒரு குறை மட்டும் என் மனத்தில் உண்டு. ஆந்தையாருடைய ஏவலர் அவர் எண்ணியபடியே நடந்தனர். அவருக்கு அதனாற் கவலையில்லை. அவ்வேவலர் தலை எவ்வாறிருந்தது? வினவுவார் அங்கில்லை. அவர்கட்கும் மனைவி மக்கள் இருந்திருப்பர். ஒருவர் தலை கறுத்திருக்க, அவருக்காகப் பிறர் தலைகள் வெளுத்திருக்கவுங் கூடும். பெரட்டுக் களத்தில் நின்று பெயர் பதிகிறவனுக்கு இவ்வையம் எழாமலிராது. பாட்டு பெரிதாகையாலேதான் அதனிடம் இவ்வளவு கேட்கத் தோன்றுகிறது.

புலவர் சொன்னதற்கு இக்காலத்துச் சான்றும் சிறிது உண்டு. மயிர்க்காலில் நிறந்தரும் அணுக்களின் வித்து தீர்ந்தால் நரை தோன்றும். 2020-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர், எலிகளுக்குக் கடுந்துன்பம் நேர்ந்தபோது நரம்புகள் கிளர்ந்து அவ்வித்தணுக்களை விரைவில் தீர்த்துவிடுவதைக் கண்டறிந்தனர். எலிக்குக் கண்டது மனிதர்க்கு முற்றும் பொருந்துமென்று யான் சொல்லமாட்டேன். ஒரே இரவில் தலை முழுதும் வெளுத்ததென்னும் கதைகளையும் நம்பேன். முளைத்துவிட்ட மயிர் அவ்வாறு மாறாது.

போட்டோக் கடைக்காரரிடம் மீண்டும் போனேன். அதற்கு முன்னாள் இரவு, ஓலாந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் தம்மைத் தாமே எழுதிய படத்தின் பிரதியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1669-ஆம் ஆண்டில், 63 வயதில் எழுதியது. அவ்வாண்டிலேயே இறந்தார். 1656-இல் கடனால் நொடித்தவர். உடன்வாழ்ந்த மங்கையை 1663-இலும், மகனை 1668-இலும் இழந்தவர். தொப்பியின் கீழ் நரைத்து நிற்கும் மயிரை அவர் மறைக்கவுமில்லை, முனிவர்க்கிடும் வெள்ளைபோல் மினுக்கவுமில்லை. சோர்ந்த கண்ணுக்குப் பக்கத்தில் அது தன்பாட்டில் இருக்கிறது. பார்ப்பவனிடம் வணக்கமும் கேட்கவில்லை, இரக்கமும் கேட்கவில்லை.

கடைக்காரரிடம், "எங்கள் அப்பாவின் நரையை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்" என்றேன். அவர் என்னை ஒருவிதமாகப் பார்த்தார். பழைய போட்டோவைத் தவறவிட்டாரோ என்னவோ, தாம் மாற்றியெழுதிய படத்தின்மேலேயே வெள்ளை தூவிக் கொடுத்தனுப்பினார். இப்போது தந்தையார் நாடகத்துத் தயரதனைப் போல், தலை முழுதும் ஒரே சீராக வெளுத்து விளங்குகிறார். அன்னையார் பார்த்துவிட்டு, "அவருக்கு இடப்பக்கக் காதோரந்தான் முதலில் நரைத்தது. நீ காய்ச்சலாய்க் கிடந்த வருஷம். வலப்பக்கம் கடைசிவரை அவ்வளவாய் இல்லை" என்றார்.

படம் அலமாரியில் தாளிற் சுற்றியபடியே இருக்கிறது. சுவரில் அடித்த ஆணியில் இப்போதைக்குக் காலண்டர் தொங்குகிறது.